எட்டுச் சூலமும் ஒரு புள்ளியும்

என் ஆசை நைனாவுக்கு,

உன் வலது கையில் குத்தியிருந்த பச்சை, அம்மனுடைய சூலம் இல்லையாம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சிரிக்கிறாயா? உனக்குத்தான் முன்னாடியே தெரியுமே!

வலைக்கயிறு வாங்கப் பொன்னேரிக்குப் போனவன், கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றாய். சக்கரம் மாதிரி எட்டுக் கிளை, ஒவ்வொன்றின் முனையிலும் முள். அம்மா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எட்டு சூலம்டி! அவ உத்தரவு இல்லாமலா இந்த ஆளு கையில வந்து உக்காந்துக்கினா?" என்று மஞ்சளையும் குங்குமத்தையும் குழைத்து அப்பிவிட்டாள். பச்சைப் புண்ணில் குங்குமம்! முழங்கை வரைக்கும் வீங்கிப்போனது. அந்த வீங்கின கையைத் தொட்டுக் கும்பிடத் தெருப் பெண்கள் எல்லாம் வந்தார்கள். "அறுபது வயசுல இன்னா நைனா ஷோக்கு?" என்று நான் கத்தினேன். "சும்மாத்தாம்மா" என்றாய்.

நீ தூக்கத்திலேயே போய் ஆறு மாதம் ஆகிறது. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் அந்த எட்டுச் சூலத்தைத்தான் கோலமாகப் போடுகிறாள். ஒரு சூலத்தின் நுனியில் மட்டும் புள்ளி இருக்குமே, அதையும் விடுவதில்லை. கேட்டால் திருஷ்டிப் பொட்டு என்கிறாள். எனக்கு அந்தப் புள்ளி மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் பொன்னேரியில் நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில் வேலை முடிந்ததும், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நீ பச்சை குத்திக்கொண்ட டாட்டூ கடைக்குப் படியேறிவிட்டேன்.

பச்சை குத்துகிற பெண் பெயர் மோனிஷா. எட்டுக் கிளையையும் புள்ளியையும் வரைந்து காட்டினேன். "கயிறு மூட்டையோட வந்தாரே, அந்த ஐயாவா?" என்று உடனே கேட்டாள். உனக்குக் காட்டின அதே படப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். எல்லாம் வடக்கே, பனி கொட்டுகிற தேசத்துப் பழைய சாமிக் கதைகளில் வருகிற சின்னங்களாம். இடி சாமி தோருடைய சுத்தியல், காவலுக்கு. ஒன்றுக்குள் ஒன்று பின்னின மூன்று முக்கோணம், போரில் செத்தவர்களுக்கு என்கிறார்கள், ஆனால் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். அப்புறம் இரண்டு அண்டங்காக்கை. அவர்களுடைய பெரிய சாமி ஓடின் வளர்ப்பது. ஒன்றின் பெயர் நினைப்பு, இன்னொன்று ஞாபகம். காலையில் பறந்துபோய் உலகத்துச் சேதியெல்லாம் கொண்டுவரும். ஞாபகம் திரும்பி வராமல் போய்விடுமோ என்றுதான் அந்தச் சாமிக்குத் தினமும் பயமாம்.

"ஐயா இந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பாத்துக்கினு இருந்தாருக்கா. 'அந்த ஞாபகக் காக்கா வராமப் பூட்டா சாமி இன்னாம்மா பண்ணும்?'னு கேட்டாரு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நீ பக்கத்தைத் திருப்பி அந்த எட்டுக் கிளையைக் காட்டினாயாம். அதற்குப் பெயர் வெக்விசிர். வழிகாட்டி. அதை வைத்திருப்பவன் புயலிலும் காற்றிலும், தெரியாத தடத்தில்கூட வழி தப்பமாட்டான் என்று நம்பிக்கை. வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். வைக்கிங்குகள் என்கிற அந்த வடக்குக் கடலோடிகள் காலத்தது என்பதற்கு ஆதாரமே இல்லையாம், ரொம்பப் பிற்காலத்தில் ஐஸ்லாந்து ஏடு ஒன்றில் எழுதிவைத்ததாம். உனக்கு அதெல்லாம் எதற்கு?

ஆனால் உனக்கு எதற்கு நைனா வழிகாட்டி? கலங்கரை விளக்கையும் பனைமரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து, ஏரியில் நினைத்த இடத்தில் வலை விடுகிறவன் நீ.

அப்போதுதான் அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. நீ பச்சை குத்துவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். எல்லாப் படகும் மத்தியானமே கரைக்கு வந்துவிட்டது. நீ விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாய். படகில் கூடவே, ஏரியின் வேறு கரையில் இருக்கிற சுண்ணாம்புக்குளத்து ஆள் ஒருத்தர். நான் அவரைக் குடிக்கிற கூட்டாளி என்று நினைத்தேன். "எங்க குடிச்சிட்டு சுத்திட்டு வர்ற?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். உன்மேல் வாடையே இல்லை. தெரிந்தும் கத்தினேன். நீ குனிந்து வலையை மடித்தாய்.

அவர் உன்னைக் கொண்டுவந்து விட்டவரா, நைனா? எத்தனை நேரம் தண்ணீரில் திசை மறந்து நின்றாய்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்ல நான் எங்கே விட்டேன்!

புள்ளியைப் பற்றி மோனிஷா கடைசியில்தான் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நுனியைத் தொட்டு, "இங்க ஒரு புள்ளி வைம்மா, இதான் எங்க ஊரு" என்றாயாம். "ஐயா, இது நெஜ காம்பஸ் இல்ல. கை திரும்பினா ஊரும் திரும்பிடுமே" என்றிருக்கிறாள்.

"திரும்பட்டும்மா. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊரு எங்கூடவே வருதில்ல?" என்று சிரித்தாயாம்.

அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். பாவம், அந்தப் பெண் மை துடைக்கிற காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது சூலமாகவே இருக்கட்டும். இந்த வெள்ளிக்கிழமை புள்ளியை மட்டும் நான் வைக்கிறேன் என்று அவள் கையிலிருந்து கோலமாவை வாங்கினேன். "இன்னாடி புதுசா?" என்றாள். சும்மாத்தான் என்றேன்.

உன் படகைத் தம்பிதான் ஓட்டுகிறான். முந்தாநாள் அவனும் நேரம் கழித்து வந்தான். பழைய வார்த்தை வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். "வந்துட்டியா? வா, சாப்பிடு" என்றேன். "உடம்பு கிடம்பு சரியில்லையாக்கா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான்!

இனி இந்த வீட்டுக்கு யார் எந்நேரம் வந்தாலும் என் முதல் வார்த்தை அதுதான், நைனா. அன்றைக்குக் கரையில் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

உன்னைக் கரையில் நிற்கவைத்துத் திட்டின
உன் மூத்த மகள்,
செல்வி