ஜாலி சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

பல நாள் யோசித்து ஒரு முடிவெடுத்திருக்கிறேன்: இனி எந்த வரைபடத்திலும் ‘ஜாலி’ என்று எழுதமாட்டேன். உங்கள் முழங்கால் மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டதா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் சுகம்.

கவலைப்பட ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்தபின்தான் எழுதுகிறேன். இந்தக் கல்லூரியின் புது வகுப்பறைக்கு ஏ.சி. இல்லாமலே காற்று வர, பழைய கட்டடங்களில் செய்வதுபோல் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சுவர் எழுப்பினோம். அந்த வேலைப்பாட்டுக்குப் பெயர் ஜாலி. கல்லூரிச் செயலாளர் வரைபடத்தில் அதைப் படித்துவிட்டார்.

“ஏம்மா, பசங்க ஏற்கெனவே ஜாலியாத்தான் இருக்காங்க. அதுக்குத் தனியா ஒரு சுவர் வேறயா? ஓட்டையெல்லாம் அடைச்சிடுங்க. முடியாதுன்னா நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்.”

நான் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினேன். கொத்தனார்தான் ஒரு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். “அடைச்சிடலாம் சார். அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இதுல உக்காருங்க.”

செயலாளர் உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. விழித்ததும், “சுவர் இருக்கட்டும், பேரை மட்டும் மாத்துங்க” என்றார். இப்போது அது ‘காற்றோட்டச் சுவர்’. என் வேலையும் தப்பியது.

இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் என் பழைய தலையணை உறையைக் கொடுத்தனுப்புங்கள், துவைக்க வேண்டாம். அம்மாவை இரண்டு வரியாவது தன் கையால் எழுதச் சொல்லுங்கள்.

கொத்தனார் கூப்பிடுகிறார், உங்கள் மகள் இத்துடன் முடிக்கிறாள். அந்த வகுப்பறைக் கதவில் ‘செயலாளர்’ என்று பலகை மாட்ட வேண்டுமாம்.