முற்றினால் கிடைக்கும் வைத்தியம்

மாமா, இன்று காலை மகள் வாசற்படியில் கால் இடித்துக்கொண்டாள். கட்டைவிரல் நகத்தோரம் ஒரு துளி ரத்தம். அதற்கே பயந்து, அவளைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்தில் ரயில் பிடித்து, நான் வேலை பார்க்கும் கடலூர் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊழியர் குழந்தைக்கு அங்கே செலவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே டிஞ்சர் தடவிக் கட்டுப் போட்டார். அந்த வாசனையோடு நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். இரண்டு வருஷம் தாமதமாக எழுதுகிறேன்.

அண்ணாமலை நகரில் நான் படித்த காலத்திலிருந்து நான் ஏறுவது உங்கள் ஆட்டோதான். அதனால்தான் அன்றைக்கு உரிமையோடு என் மேசைக்கு முன்னால் செருப்பைக் கழற்றினீர்கள். சர்க்கரைப் புண். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அரசுப் பெரியாஸ்பத்திரியில் கட்டு மாற்றவே அரை நாள் போகிறது, இங்கேயே விரலை எடுத்துவிடலாம் என்று அரசாங்கக் காப்பீட்டு அட்டையை நீட்டினீர்கள். அந்த அட்டைகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை.

"இது லிஸ்ட்ல இல்ல மாமா."

"ஓட்டு லிஸ்ட்ல செத்துப்போன எங்கப்பா பேருகூட இருக்குது. உசுரோட இருக்கிற என் புண்ணு இதுல இல்லியா?"

வரிசையே சிரித்தது. நானும்தான். பிறகு, உதவுவதாக நினைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "விரலுக்குக் காப்பீடு வராது. காலை எடுக்கிற மாதிரி ஆனா வரும்."

"அப்ப முத்தட்டும்னு சொல்ற."

"ஐயோ, அப்படிச் சொல்லல மாமா."

"சரி பொண்ணு. முத்துனதும் வரேன்."

வந்தீர்கள். மூன்று வாரம் கழித்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கால்வரை கறுப்பு. காப்பீட்டு ஒப்புதல் அன்றே கிடைத்தது. ஏழு மாத வயிற்றோடு அந்தத் தாளை வார்டுக்கு ஓடி வந்து காட்டினேன். சந்தோஷமாக இருந்தேன், மாமா.

"பாஸாயிட்டனா?" என்றீர்கள்.

காலை எடுத்தார்கள். மூன்றாம் நாள் நீங்களும் இல்லை.

இந்த நாட்டில் பிறந்திருந்தால் போதும், வைத்தியம் உண்டு என்று ஒரு அரசாங்கம் சொல்ல வேண்டும். நோய்க்குப் பரீட்சை வைக்கக் கூடாது. இன்று இதை யாரிடமும் வாதாடுவேன். அன்று உங்களுக்காக மாடியில் இருந்த டாக்டரிடம்கூடப் போய்க் கேட்கவில்லை.

இன்று கட்டுப் போட்டதும் மகளை மடியில் வைத்துக்கொண்டே மேசையில் உட்கார்ந்தேன். பெண்ணாடத்திலிருந்து ஒருவர் வந்தார். அதே மாதிரி விரல்.

"லிஸ்ட்ல இல்லீங்க."

"எப்பங்க வரும்?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க. ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க" என்றேன்.

அவர் என் மகளின் கால்விரலில் இருந்த சின்னக் கட்டைப் பார்த்தார்.

"இந்தக் கொழந்தைய அங்கதான் கூட்டிட்டுப் போனீங்களா?"

முந்தானையை இழுத்து அவள் காலை மூடினேன், மாமா. கை தானாகப் போயிற்று. டிஞ்சர் கறை முந்தானையில் அப்படியே இருக்கிறது.