நம் தீவு ஐவிக்கு ஒத்துக்கொள்ளுமா

டிரிஸ்டன் தீவு,
செப்டம்பர் 19

அன்பு மகள் கார்லீனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எங்கள் வேலையை நாங்களே பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும், இந்தக் கடிதம் சவுத்தாம்ப்டன் வந்து சேர்வதற்குள் பேத்தி குட்டி ஐவியின் இளைப்பு அடங்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் மழுப்பினேன் என்று உனக்கு வருத்தம். உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், வாய் வரவில்லை. நாளை மறுநாள் கேப் டவுனுக்குக் கப்பல் போகிறது, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஊரோடு வந்துவிடலாமா, நம் தீவின் தட்பவெப்பம் ஐவிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டாய். மாப்பிள்ளை நைஜல் கணினியில் எடுத்த விவரங்களையும் வாசித்துக் காட்டினாய். கொளுத்தும் வெயில் கிடையாது, ஊருக்குள் உறைபனி தங்காது, தூசி புகை எதுவும் இல்லை, மழை மட்டும்தான் கொஞ்சம் கூடுதல், மூச்சு இழுக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது என்று அவர் சொன்னாராம். அவர் சொன்னதில் பொய் இல்லை அம்மா. ஆனால் உன் பழைய அறைச் சுவரை அம்மா திங்கட்கிழமை துடைத்தால் சனிக்கிழமை மறுபடி பூஞ்சை கறுத்து நிற்பதும், ஜூன் மாதக் குளிர்காலத்தில் நனைந்த கம்பளிச் சட்டை அடுப்புப் பக்கத்தில் தொங்கியும் ஈரம் போகாததும் அந்தக் கணக்கில் வராது. இளைப்புக்காரர் இல்லாத வீடு இங்கே எத்தனை என்று உனக்கே தெரியும். அதுகூடப் பெரிதில்லை. ஆகஸ்டில் நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். இப்போது சொல்கிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் கப்பல் வந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது பேசில் சித்தப்பாவுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குச் சுவர் சரிசெய்யப் போனவன் நனைந்து வந்தான், மறுநாள் உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்து ஆக்சிஜன் கொடுத்த டாக்டர், கேப் டவுனுக்கு அனுப்புவதுதான் நல்லது என்றார். கப்பல் வெளிக்கடலில் கண்ணெதிரே நிற்கிறது, ஆனால் துறைமுக வாயிலில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கிறது. கப்பலுக்குப் படகு போகலாமா கூடாதா என்று விடியற்காலையில் கடலைப் பார்த்துச் சொல்வது இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. திங்கள் கூடாது என்றேன், செவ்வாய் கூடாது என்றேன், புதனும் அப்படியே. வியாழன் சாயங்காலத்துக்கு மேல் நிற்க முடியாது என்று கப்பல் கேப்டன் வானொலியில் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை டிரினா சித்தி மழையில் துறைமுகத்துக்கு வந்தாள். படகை ஓட்ட ஐந்து பேர் தயாராக நின்றார்கள். "அத்தான், அவங்க போறேன்னு நிக்கிறாங்க, நீங்க மட்டும் ஏன் கல்லு மாதிரி நிக்கிறீங்க, உள்ளே கிடக்கிறது உங்க தம்பிதானே" என்றாள். நான் அலையை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவனுக்காக ஐந்து பேரைக் கொடுக்க முடியாது என்று சொல்ல நினைத்தேன். "இன்னிக்கு ஆகாதும்மா" என்று மட்டும் சொன்னேன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு அரை மணி நேரம் கடல் தணிந்தது. அது நிற்குமென்று நான் நம்பவில்லை. நிற்கவும் இல்லை. ஆனால் அந்த அரை மணிக்குள் போய்த் திரும்பியிருக்கலாமோ என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நாலு மணிக்குக் கப்பல் போய்விட்டது. விமானம் இறங்காத இந்த ஊருக்கு அடுத்த கப்பல் செப்டம்பரில்தான்.

டாக்டரும் நர்சுகளும் பதினோரு நாள் மாற்றி மாற்றி உட்கார்ந்து அவனை மீட்டார்கள். உயிர் தங்கியது, பலம் தங்கவில்லை. தேவாலயம் வரை போவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறான். இனி அவனுக்குப் படகும் இல்லை, தோட்டமும் இல்லை. டிரினா என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள், அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பேசில்தான் சிரித்துக்கொண்டே, "நீ போலாம்னு சொல்லியிருந்தா நான் மூச்சு முட்டிச் சாகுறதுக்கு முன்னாடி பயத்துலயே செத்திருப்பேண்ணே" என்றான்.

உன் கேள்வியை அவனிடமே கேட்டேன். ஏனென்றால் என் தீர்ப்பை நானே நம்பவில்லை. ஐவி நம் முற்றத்தில் சேற்றுக் காலோடு ஓடுவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதினால் நீ அழுவாய், அதனால் எழுதவில்லை. ஆசை இருக்கிறவன் வானத்தைப் பார்த்தால் மேகமெல்லாம் வெளுப்பாகத்தான் தெரியும். பேசில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: "புள்ளைக்கு நல்லா இருக்கிற நாள்ல இந்த ஊரும் நல்லாத்தான் இருக்கும். அதுக்கு முடியாத நாள்ல கடலுக்கும் முடியலைன்னா என்ன பண்ணுவே?"

அதனால் சொல்கிறேன், வர வேண்டாம் அம்மா. அவள் நெஞ்சு பலப்படும்வரை, அங்கே உள்ள டாக்டர் தயங்காமல் சரி என்று சொல்லும்வரை வர வேண்டாம். மாப்பிள்ளையிடம் அவர் கணக்குத் தப்பு என்று சொல்லாதே. பிள்ளைக்காகத்தான் அவ்வளவும் தேடியிருக்கிறார்.

இதை நேற்று அம்மாவிடம் சொன்னேன். "நாமல்லாம் இங்க வளரலையா, பெத்தவளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ" என்று சட்டியை நங்கென்று வைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீனும் உருளைக்கிழங்கும் பேச்சில்லாமல் வந்தன. இன்று காலை தானாகவே, "அப்போ நாம போவோம்" என்றாள். ஜனவரிக் கப்பலுக்கு இரண்டு பெயர் கொடுத்துவிட்டேன். கடல் பார்க்கும் வேலையையும் விட்டுவிட்டேன், அடுத்த மாதத்திலிருந்து லார்ஸ் பார்ப்பான். வயது குறைவுதான், ஆனால் அவசரப்படாதவன்.

ஐவிக்கு எங்கள் இருவரின் முத்தமும் ஆசீர்வாதமும். கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். மூச்சு மருந்துக் குழாயை எந்நேரமும் கைப்பையில் வைத்திரு, மாப்பிள்ளையிடமும் ஒன்று இருக்கட்டும். எங்களை எதிர்பார், ஆனால் தேதி குறித்துவைக்காதே. கிளம்புகிற காலையில் லார்ஸ் கூடாது என்றால் நானும் அம்மாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம், அவனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

உன் அன்பு அப்பா,
ஹெர்பர்ட்