அவர் ஆட்டாத கால்

ஜூலை 4, வெள்ளி

கச்சான் காற்று வீசுகிற காலம். முற்றத்து மணல் எல்லாம் ஜன்னலால் அறைக்குள். காலையில் பெட்சீட் துவைத்தது, சிறுநீர்ப் பையை ஊற்றிக் கழுவியது, அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தது. பாடசாலைக்கு நான் இன்னும் லீவு.

வால் எலும்புக்கு மேலே சிவப்பாக ஒரு இடம். நேற்று இருக்கவில்லை. விரலால் அமத்திப் பார்த்தேன், சிவப்பு மாறவில்லை. படுக்கைப் புண்ணின் தொடக்கம். நோகுதா என்று அவரிடமே கேட்டேன். என்ன மடைத்தனமான கேள்வி.

தண்ணீர்த் தாங்கியின் குழாயைத் தானே சரி பண்ணுவதாகக் கூரைக்கு ஏறிய என் மனுசன். ஆள் பிடிப்போம் என்று சொன்னேன். என் சொல் இந்த வீட்டில் எப்போது எடுபட்டது. விழுந்ததில் முள்ளந்தண்டு முறிந்து, உள்ளே ஓடுகிற நரம்புத் தண்டு, முண்ணாண், அதுவும் அறுந்தது. தொப்புளுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. சூடும் தெரியாது, ஊசியும் தெரியாது.

உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருசமும் கரும்பலகையில் வரைகிற படம். நடுவில் முண்ணாண், அதன் இரண்டு பக்கமும் சோடி சோடியாக நரம்பு, முப்பத்தொரு சோடி. முதுகுப்புற வேரால் புலன் உள்ளே வரும், வயிற்றுப்புற வேரால் இயக்கம் வெளியே போகும். மாற்றி எழுதினால் ஏசுவேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் ஒன்றுதான் கேட்டேன், முழுசாக அறுந்ததா என்று. ஓம் டீச்சர் என்றார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள் என்றேன். பாதிப் பொய்.

பின்னேரம் கொழும்புப் பக்கத்துப் புனர்வாழ்வு ஆஸ்பத்திரியிலிருந்து போன். கட்டில் ஒன்று வெறுமையாகிறதாம். சக்கர நாற்காலிக்குத் தானாக ஏறி இறங்க, புண் வராமல் உடம்பைப் பார்க்க, சிறுநீரைத் தானே எடுக்கப் பழக்குவார்கள். புதன் பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. அவரிடம் சொன்னேன். முகட்டைப் பார்த்துக்கொண்டே சரி என்றார்.

ஜூலை 5, சனி

கால் ஆடியது.

ஈரத்துணியால் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வலது கால் முழங்காலில் மடங்கி மேலே வந்தது. மாமி பக்கத்தில் இருந்தார். அவருடைய உம்மா, அடுத்த தெருவிலிருந்து தினமும் வருகிறவர். கஞ்சிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே குந்தி அழுதார். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்.

அவர் காலைப் பார்த்தார். பிறகு என்னை.

"நானா புள்ள ஆட்டின?"

"ஓம்" என்றேன்.

ஏன் சொன்னேன். ஏன்.

தெறிவினை. உள்ளங்காலில் பட்டது புலன் நரம்பால் முண்ணாணுக்குப் போகும், அங்கேயே திரும்பி இயக்க நரம்பால் தசைக்கு வரும். மூளைவரை போகத் தேவையில்லை. அறுந்த இடத்துக்குக் கீழே முண்ணாண் சாகவில்லை. அதிர்ச்சியில் இத்தனை நாள் பேசாமல் கிடந்தது, இப்போது விழித்திருக்கிறது. மேலே வீட்டுக்காரர் இருக்கிறாரா இல்லையா என்று அதற்குத் தெரியாது. தன்பாட்டில் வேலை செய்கிறது. சுகமாவதன் அடையாளம் இல்லை. ஒரு துளியும் இல்லை.

இவ்வளவு காலம் படிப்பித்தவளுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது ஓம்.

ஜூலை 6, ஞாயிறு

வீடு நிறைய ஆட்கள். சொந்தம், அயல், அவருடைய புடவைக் கடைக்கு வந்துபோகிறவர்கள். மாமி நேர்ந்திருந்த ஆடு அறுத்தாயிற்று, இறைச்சியும் பங்கு வைத்தாயிற்று. தேத்தண்ணி ஊற்றியே இடுப்பு போனது.

வருகிற ஒவ்வொருவருக்கும் மாமி கரண்டிக் காம்பால் உள்ளங்காலைக் கீறிக் காட்டுகிறார். கால் எழும்புகிறது. சுற்றி நிற்கிறவர்கள் அல்லாஹ்வைப் புகழ்கிறார்கள். அவருக்குக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிற அதே முகம். இன்னொருக்கா பாருங்க என்கிறார், சிரிக்கிறார். விழுந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் காணவில்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

கத்தாரில் இருக்கிற மகனுக்கும் வீடியோவில் காட்டினார்கள். பெருநாளைக்கு வரும்போது வாப்பா நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பிள்ளை அழுதான்.

வாசலில் இரண்டு பெண்கள், நான் உள்ளே இருப்பது தெரியாமல்:

"டீச்சர்ட மொகத்தில சந்தோசத்தயே காணல்ல."

"களைப்பாயிரிக்கும்."

ஜூலை 7, திங்கள்

காற்று விட்டபாடில்லை. சிவப்பு இடம் கறுக்கிறது, தோல் உரியத் தொடங்கிவிட்டது.

வாங்க: பஞ்சு, பிளாஸ்டர், புண்ணுக்குப் பூச்சு மருந்து, தேங்காய், மாமியின் பிரஷர் குளிசை.

கொழும்பு வேண்டாமாம். அவரே சொன்னார். கால் வருகிற நேரத்தில் அங்கே போய் ஏன் கிடக்க வேண்டும். பாலமுனையிலிருந்து எண்ணெய் போடுகிற நாட்டு வைத்தியப் பரிசாரியாரை வியாழக்கிழமை வரச் சொல்லியாயிற்று. நான் மறுத்துக் கதைத்ததற்கு மாமி கேட்டார்: "நடக்கப்போற புள்ளயக் கொண்டுபோய் நொண்டிகளோட வைக்கவா பாக்காய்?"

கெட்ட மனுசி இல்லை. நான் சொன்ன ஓமைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

எண்ணெய் தேய்க்கிற கை அந்தப் புண்ணில் பட்டால். எலும்பு வரைக்கும் போகும். அவருக்கு நோகாது, காய்ச்சல் அடித்த பிறகுதான் தெரியும். முறிவோடு தப்பி, புண்ணால் மௌத்தாகிப் போனவர்களின் கதை வோர்டில் நிறையக் கேட்டேன்.

தொழுதுவிட்டு துஆக் கேட்க வரவில்லை. எதைக் கேட்பது. அறுந்தது ஒட்டட்டும் என்றா. படித்ததையெல்லாம் மறக்கச் செய் ரப்பே என்று கேட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பின்னேரம் டியூஷன் வகுப்பு. தள்ளிக்கொண்டே வந்த தெறிவினைப் பாடம், இதற்கு மேல் தள்ள முடியாது. படத்தை வரைந்தேன்.

முன் வரிசை வாங்கில் இருக்கிற பிள்ளை கேட்டாள், அப்படியென்றால் கால் எழும்பினது மூளைக்குத் தெரியாதா என்று. மூளைக்கு வேறாக ஒரு செய்தி மேலே போகும் என்றேன்.

"போற வழி அறுந்திருந்தா, டீச்சர்?"

கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் என் வீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டாள். பாவம். சரியான கேள்விதானே கேட்டாள்.

ஓட்டோ பிடிக்காமல் நடந்தே வந்தேன். கடற்கரை வீதி முழுக்க மணல் பறக்கிறது. வீட்டுக்குள் போகப் பயம். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடும். இதில் எதை விரும்பச் சொல்கிறாய், யா அல்லாஹ்.

ஜூலை 9, புதன்

கொழும்புக்குப் பதில் சொல்லப் பின்னேரம் வரைக்கும்தான் நேரம். லுஹர் தொழுதுவிட்டு மாமி முன்னறையில் கண்ணயர்ந்தார். அறைக் கதவைச் சாத்தினேன். இந்த வயதில் பகலில் கதவெல்லாம் சாத்துகிறாயே என்று பகிடி பண்ணினார். சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"மச்சான், கண்ண மூடுங்க. நான் ஒங்கட காலக் கீறுவன். கால் எழும்புற நேரம் எனக்குச் சொல்லுங்க."

ஓம் என்று கண்ணை இறுக்கி மூடினார். முகத்தில் இன்னும் சிரிப்பு.

நகத்தால் கீறினேன். முழங்கால் மடங்கி மேலே வந்தது. இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். பாதம் நல்ல சூடு.

அவர் காத்துக்கொண்டு கிடந்தார்.

"என்ன புள்ள, இன்னும் தொடங்கல்லையா?"

கண்ணைத் திறக்கச் சொன்னேன்.