பொருளில்லாத இருபது சொற்கள்

மார்ச் 3, செவ்வாய்

மூளையில் ரத்தம் கட்டிப் பிழைத்தெழுந்த பின்னும் தீர்ப்புரைகளை முன்போலவே வாசிக்கிறேன். ஆயினும் பேச்சுப் பயிற்சியாளர் இன்று நீட்டிய இருபது அட்டைகளில் ஒன்றையும் சரியாக உச்சரிக்க இயலவில்லை. அனைத்தும் சோதனைக்கென்றே ஆங்கில எழுத்தில் புனையப்பட்ட, பொருளில்லாத சொற்கள். 'ஜட்' என்றிருந்ததாம், நான் 'ஜட்ஜ்' என்றேன். 'கிளையன்' என்பது கிளையன்ட் ஆனது.

"எல்லாத்தையும் கோர்ட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுறீங்களே சார்!" அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

பழகிய சொல்லை முகம் பார்த்து அறிகிறேனாம். அறியாத சொல்லின் எழுத்துகளை ஒலியாகச் சேர்க்கும் திறன்தான் போய்விட்டதாம்.

மார்ச் 4

மருந்து நிறுவன மேல்முறையீடு இருபதாம் தேதி. மருந்துப் பெயர்கள் யாவும் எவரோ புனைந்தவையே. ஒன்றைத் தவறாகச் சொன்னால் பதிவில் வேறு மருந்து ஏறும்.

அலுவலகத்தில் என் கூட்டாளி வழக்கறிஞரான மைத்துனன் சொல்லிவிட்டான்: "சரியா வாசிக்கிறீங்கன்னு பயிற்சியாளர் சான்று குடுத்தா நீங்களே வாதாடுங்க அத்தான். இல்லன்னா நான் நிக்கிறேன்."

தொடக்கத்திலிருந்து நான் சுமந்த வழக்கு.

மார்ச் 7

அட்டைகளைப் படமெடுத்து வந்தேன். மனைவி வாசிக்க, நான் நெட்டுருப் போடுகிறேன்.

மார்ச் 10

பயிற்சியாளர் முன் அதே இருபது அட்டைகளும் சரி. வெள்ளியன்று சான்று தருகிறார். மகிழ்ச்சி ஏன் வரவில்லை?

மார்ச் 11

மனைவி தானாக ஒரு சொல்லைப் புனைந்து எழுதிக் காட்டினாள். வாசிக்க வரவில்லை.

"நான் சொன்னதைத்தானே திருப்பிச் சொல்றீங்க? கோர்ட்டுல யாருங்க சொல்லிக் குடுப்பா?"

உக்கார முடியல. எந்திரிச்சு நடக்கிறேன், திரும்ப உக்கார்றேன். வேற எவனாவது இப்படிச் சான்று வாங்கியிருந்தா, கூண்டுல நிக்க வெச்சுக் கிழிச்சிருப்பேனே!

மார்ச் 13, வெள்ளி

பயிற்சியாளர் கையெழுத்திடுமுன் நடந்ததைச் சொல்லி, புதிய அட்டைகளைக் கேட்டேன். மூன்று மட்டுமே தேறின. பேனாவை மூடிவிட்டார். எழுத்துகளைத் தனித்தனியே சொல்வதில் எனக்குப் பிழை நேர்வதில்லை என்பதையாவது சோதித்து எழுதித் தருமாறு வேண்டினேன். சோதித்தார், எழுதினார்.

மார்ச் 20

குறையை நீதிபதியிடம் தெரிவித்து, மருந்துப் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல அனுமதி கோரினேன். கிடைத்தது. முதல் பெயருக்கே நெடுநேரம் ஆயிற்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்செறிந்தார். தம் முறை வந்ததும் ஒரே மருந்தை இருவிதமாக உச்சரித்தார். சுருக்கெழுத்தாளர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"நீங்களும் எழுத்தெழுத்தாவே சொல்லிடுங்க," என்றார் நீதிபதி.

உணவு இடைவேளையில் மைத்துனன் தன் கோப்பைப் பைக்குள் வைத்தான். "மத்தியானமும் நீங்கதான் அத்தான்."