கழுவாத டின்னுக்குப் பொட்டு

அன்புள்ள பாய்,

இன்று ஆயுத பூஜை. ஷெட்டில் சந்தனத்தையும் மீறிக்கொண்டு ஸ்பிரிட் கலந்த பெட்ரோல் வாசனை. மூக்கில் ஏறியதும் கண் உங்களைத்தான் தேடியது. நீங்கள் கண்மூடிய பிறகு வரும் முதல் பூஜை இது.

கரும்பாலைக் கழிவுப் பாகில் வடித்த ஸ்பிரிட்டைப் பெட்ரோலோடு கலந்து நம் மயிலாப்பூர் - அடையாறு பஸ்ஸை ஓட்டலாம் என்றீர்கள். நீங்கள் மெக்கானிக், நான் வியாபாரி; கப்பலில் வரும் பெட்ரோலை மட்டும் நம்பியிருக்க வேண்டாமே என்று தலையாட்டினேன். இந்தக் கலவையை என்ஜின் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும் என்று கார்புரேட்டர் துளையை நீங்களே அகலப்படுத்தினீர்கள். சோதனை ஓட்டத்தில், பாலத்து ஏற்றத்தில் வழக்கமாகக் கேட்கும் என்ஜின் தட்டல்கூட இல்லை.

அந்த வருஷ விஜயதசமியன்று பயணிகளோடு முதல் ஓட்டம். அதே பாலத்து நடுவில் வண்டி இருமி நின்றது.

"சாராயம் ஊத்தினா நடு ரோட்டுலதான் படுக்கும், நைனா" என்றாள் ஒரு மீன்காரம்மா. பஸ்ஸே சிரித்தது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். ஊர் சிரித்த வண்டியில் இனி எவன் ஏறுவான்? கலவையே வேண்டாம் என்றேன்.

நீங்கள் டேங்கிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினீர்கள். மேலே ஒன்று, அடியில் ஒன்றாகப் பிரிந்து நின்றது. பூஜைக்கென்று டிரைவர் கலவை பிடிக்கும் டின்களையெல்லாம் பளபளவென்று கழுவி, ஈரம் காயுமுன்னே மூடி வைத்திருக்கிறான்.

"தண்ணியக் கண்டா ஸ்பிரிட்டு பெட்ரோல வுட்டுட்டு அத்தோட சேந்துக்கும். என்ஜின் இன்னா பண்ணும், நைனா? டின்ன காய வெச்சா போதும்" என்றீர்கள்.

காயவைத்தீர்கள். மறுநாள், வாசல் தாண்டாத உங்கள் வீட்டம்மாவை ராயப்பேட்டையிலிருந்து அழைத்துவந்து முன் சீட்டில் உட்காரவைத்தீர்கள். கட்டினவளையே ஏற்றுகிறவர் ஏமாற்றுவாரா என்று அதே மீன்காரம்மா கூடையோடு ஏறினாள். அடையாறு போய்ச்சேரும்வரை அவள் வாயும் ஓயவில்லை, என்ஜினும் ஓயவில்லை.

தன் சரக்கை எவனும் புகழ்வான். தன் வீட்டாளை ஏற்றினால்தான் ஊர் ஏறும். அன்றிலிருந்து என் தொழிலுக்கு அதுதான் முதல்.

இன்று புது டிரைவர் டின்களைக் கழுவக் குடத்தோடு வந்தான். தடுத்தேன். "கழுவாத டின்னுக்கா பொட்டு, மொதலாளி?" என்று முகம் சுளித்தான். வை என்றேன்.

நாளை இரண்டாவது பஸ் அடையாறு தாண்டித் திருவான்மியூர் வரை கிளம்புகிறது. முன் சீட்டு தனக்குத்தான் என்று உங்கள் வீட்டம்மா சொல்லியனுப்பியிருக்கிறார்.