தங்கம் சேராத காது

துபாய்
11.2.2005

என் பூவிழிக்கு,

அசோகன் எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். நீயும் அம்மாவும் தங்கச்சி சங்கீதாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம்.

இதைக் கொண்டுவரும் காசிலிங்கம் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், நம் ஊருக்குப் பக்கத்துப் பிரம்மதேசத்துக்காரர். அவரிடம் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு அழாதே. நான் இடையஞ்சாவடியில் கொத்து வேலை பார்த்தபோது எனக்குச் சோறு கொண்டுவருவாயே, அங்கே சைக்கிளில் போகும் வெள்ளைக்காரப் பெண்கள் மேல்காதில் மாட்டியிருக்கும் குட்டி வளையத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாய். துபாய்த் தங்கத்தில் உனக்கு அதே மாதிரி வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். சொன்னதைச் செய்துவிட்டேன்.

காது குத்த நம் ஊர் ஆசாரியிடம் போகாதே. திண்டிவனத்தில் துப்பாக்கி வைத்துக் குத்தும் கடை இருக்கிறதாம், அங்கே போ. போட்டபின் நான் வரும்வரை கழற்றவே கூடாது. நான் வந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

உன் அசோகன்


மரக்காணம்
6.3.2005

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பூவிழியின் வணக்கம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. சங்கீதா என்னை விட உயரமாகிவிட்டாள்.

அழாதே என்று எழுதியிருந்தீர்கள். அழுதேன். அதற்கு என்ன செய்வீர்களாம்?

என்னோடு உப்பு அள்ளுகிற அந்தோணியம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போய் வந்தேன். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணில் மட்டும் பூச்சி பறந்தது. கடைப் பெண் ஒரு வெள்ளைத் தோடு மாட்டிவிட்டு, ஒன்றரை மாசம் இதுவே இருக்கட்டும் என்றாள். நான் கேட்பேனா? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதைக் கழற்றி எறிந்துவிட்டு உங்கள் வளையத்தைப் போட்டுக்கொண்டேன்.

அத்தைக்கு ஒரே பெருமை. தெருவில் வீடு வீடாக என்னை அழைத்துக்கொண்டு போய், மாட்டைப் பல் பிடித்துக் காட்டுகிற மாதிரி என் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். "எம் புள்ள துபாய்லருந்து அனுப்பினது" என்று எத்தனை தரம் சொன்னார்களோ. இரண்டு மாசமாகப் பணம் வரவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தவர்கள், வளையத்தைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சே எடுப்பதில்லை.

வலி இருக்கிறது. நல்ல வலிதான்.

உங்கள் பூவிழி


மரக்காணம்
24.4.2005

அன்புள்ள மாமாவுக்கு,

பூவிழி எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஏன் கடிதமே காணோம்? சங்கீதாவுக்குக் கிளியனூரில் ஒரு இடம் பார்த்திருப்பதாக அத்தை உங்களுக்கு எழுதச் சொன்னார்கள்.

எனக்கு ஒரு சின்னத் தொந்தரவு. வளையம் போட்ட இடத்தில், காதின் பின்பக்கம், ஒரு கட்டி வந்திருக்கிறது. முதலில் மிளகு மாதிரி இருந்தது, இப்போது பட்டாணி மாதிரி ஆகிவிட்டது. சிவந்துபோய், தொட்டால் நீர் கசிகிறது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. அன்றைக்கு உப்புக் கூடையைத் தலையில் ஏற்றும்போது சும்மாட்டுத் துணி வளையத்தில் மாட்டி இழுத்துவிட்டது. உயிர் போய் உயிர் வந்தது.

வைத்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. அத்தை மஞ்சளைக் குழைத்து அப்புகிறார்கள். எதிர்வீட்டில் வேப்பெண்ணெய் கொடுத்தார்கள். கத்திரிக்காயும் கருவாடும் ஆகாதாம், நிறுத்தியாச்சு. கருவாடு இல்லாமல் நம் ஊரில் சோறு எப்படி இறங்கும், நீங்களே சொல்லுங்கள். ஒரு நாள் அத்தை உப்புப் பாத்தித் தண்ணீரையே மொண்டு வந்து காதில் ஊற்றிவிட்டார்கள். நான் கத்தின கத்தில் பக்கத்துப் பாத்திக்காரர்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

அந்தோணியம்மாள் மட்டும், "காய்ச்சின தண்ணில ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஆறவெச்சி ஒத்தி எடுடி, மொதல்ல அந்த வளையத்த கழட்டு" என்கிறாள். ஒத்தி எடுத்தால் கொஞ்சம் அடங்குகிறது, திரும்பவும் வீங்குகிறது. கழற்றவில்லை. நீங்கள் கழற்றாதே என்றிருக்கிறீர்களே.

ஆசாரியிடம் ஒரு தரம் காட்டட்டுமா?

உங்கள் பூவிழி


துபாய்
15.5.2005

என் பூவிழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை மும்முரம், அதனால்தான் எழுதவில்லை.

புதுப் புண் அப்படித்தான் இருக்கும். உனக்கு எப்போதுமே சூட்டு உடம்பு. வெயிலில் நின்று நின்று ஏறிய சூடு அங்கே கட்டியாக வந்திருக்கிறது. இளநீர் குடி. ஆசாரியிடம் மட்டும் காட்டாதே. துபாய்த் தங்கம் கையில் கிடைத்தால் மாற்றிவிடுவார்கள். கழற்றினால் ஓட்டையும் தூர்ந்துபோகும்.

சங்கீதாவுக்குக் கிளியனூரில் இடம் பார்த்திருப்பதாக அம்மா சொல்லி நீ எழுதியிருந்தாய். நல்ல இடம். அவர்கள் வீட்டுக்கு வரும்போது உன் காதில் அந்த வளையம் இருக்க வேண்டும். அண்ணன்காரன் நன்றாக இருக்கிறான் என்று அவர்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

உன் அசோகன்


மரக்காணம்
10.7.2005

அன்புள்ள மாமாவுக்கு,

இளநீர் குடித்தேன். இப்போது கட்டி இரண்டாகிவிட்டது. பின்னால் நெல்லிக்காய் அளவில் ஒன்று, முன்னால் ஒன்று. நடுவில் வளையம் புதைந்து கிடக்கிறது. சீழ் வாடை எனக்கே குமட்டுகிறது. தலை பின்னி மூன்று வாரம் ஆகிறது.

அதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். கிளியனூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் பெரியம்மா, கமலாம்பாள் என்று பேர், என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "கவரிங் போட்டா புண்ணு வரும், தங்கம் போட்டா ஆறிடும்பாங்க. இந்தப் பொண்ணுக்குத் தங்கத்துலயே புண்ணு வருதே. தங்கம் சேராத உடம்பா இருக்குது" என்றார்கள். அவ்வளவுதான், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. கல்யாணமாகி மூன்று வருஷமாகக் குழந்தை இல்லாததற்கும் இப்போது அதுதான் காரணமாம்.

நிச்சயத்தன்று தட்டு எடுத்துக்கொண்டு போனேன். அத்தை வாசற்படியிலேயே அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ அடுப்படியில இரும்மா" என்றார்கள். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்கள். எல்லோரும் சாப்பிட்டுப் போகிறவரை நான் அடுப்படியை விட்டு வரவில்லை.

மாமா, எனக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். கழற்றிவிடு என்று. நீங்கள் சொல்லிக் கழற்றினேன் என்றால் அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நானாகக் கழற்றினால், தங்கம் சேராதவள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பூவிழி


துபாய்
2.8.2005

பூவிழிக்கு,

எனக்கு இங்கே ஆயிரம் தலைவலி. தை மாசம் சங்கீதா கல்யாணம் முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள். அதுவரை கழற்றாதே. நீ என் மேல் வைத்திருக்கும் பிரியத்துக்கு முன்னால் ஒரு காது பெரிதா? ஊர் என்னமோ பேசிவிட்டுப் போகட்டும், காதில் போட்டுக்கொள்ளாதே.

அசோகன்


மரக்காணம்
18.9.2005

அசோகன் அவர்களுக்கு,

போன வாரம் எனக்கு ஜுரம் வந்து பாத்தியிலேயே விழுந்துவிட்டேன். அந்தோணியம்மாள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வளையம் சதைக்குள் புதைந்துவிட்டதால் நர்சம்மா குறடு வைத்து அதை இரண்டாக வெட்டி எடுத்தார்கள்.

வெட்டின துண்டுகளை என் உள்ளங்கையில் போட்டு, "ஏம்மா, கவரிங்கைப் போயி பச்சைப் புண்ணுல வெச்சிருந்தா எப்படி ஆறும்?" என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். "அது துபாய்த் தங்கம்க்கா" என்று சண்டைக்குப் போனேன். அப்புறம்தான் கையைப் பார்த்தேன். வெட்டின இடத்தில் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. காதுக்குள் இருந்த பக்கம் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. கட்டியைக் கீறி விட்டார்கள். உள்ளே குருத்தெலும்பு அழுகிப்போய்விட்டதாம். மேல்காது இனிமேல் மடங்கித்தான் இருக்கும்.

கவரிங் என்பதற்காக நான் அழவில்லை. சம்பளம் வரவில்லை, கையில் ஒன்றுமில்லை, உன் ஆசைக்கு இதுதான் முடிந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் வைத்திருப்பேன். உங்கள் அம்மாவுக்குத் தெரியாமலும் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் எழுதவில்லை. ஆசாரியிடம் போகாதே என்று எழுதினீர்கள். சூட்டு உடம்பு என்று எழுதினீர்கள். பொறுத்துக்கொள் என்று எழுதினீர்கள். தங்கம் சேராதவள் என்று ஊரே என்னைச் சொன்னபோது, அது தங்கமே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

துண்டுகள் இரண்டையும் வரும் வழியில் வாய்க்காலில் போட்டுவிட்டேன். அந்தோணியம்மாள் மாதா மேல் ஆணையாக யாரிடமும் சொல்ல மாட்டாள். வீட்டில், உப்பு அள்ளும்போது வளையம் கழன்று விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். உண்மை தெரிந்தால் கிளியனூர்க்காரர்கள் போய்விடுவார்கள். சங்கீதா என்ன பாவம் செய்தாள்? தங்கம் சேராதவள் என்ற பேரை நானே வைத்துக்கொள்கிறேன். தை வரை இங்கே இருப்பேன். கல்யாணம் முடிந்ததும் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அழைத்துப்போக வர வேண்டாம். வந்தாலும் வர மாட்டேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அன்றிலிருந்து அத்தை தினமும் வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு பாத்தியோரம் உட்கார்ந்து, குவித்த உப்பைக் கை கையாக அள்ளி விரித்துப் பார்க்கிறார்கள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் வருகிறது. போதும் அத்தை, வாங்க என்றால், "எம் புள்ள வெயில்ல வெந்து வாங்குனதுடி, எப்படி உடறது" என்கிறார்கள். முதலாளி லாரியில் ஏற்றுவதற்குள் எப்படியும் கிடைத்துவிடும் என்று இருக்கிறார்கள்.

அது தங்கமில்லை என்று எனக்கு எழுதாத அந்த ஒரு வரியை அவர்களுக்காவது எழுதுங்கள். சங்கீதா படித்துக் காட்டுவாள்.

பூவிழி